தன் வீட்டுக்கே ஆட்சேபணை

நகராட்சியின் கட்டடப் பிரிவில் அந்த அம்மாளுக்கு வைத்திருந்த பெயர் ஆட்சேபணையம்மா. நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தாலும் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார். பெயரைப் பிழையில்லாமல் எழுதுகிறார்களா என்று மட்டும் பார்த்திருப்பார். பத்திரிகை அலுவலகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்தி ஓய்வு பெற்றவர். கல்யாணம் வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்று ஜெயித்துவிட்டு, அப்பா விட்டுப்போன பழைய வீட்டில் தனியாக இருந்தார். அச்சில் வந்த எதையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துப் பழகிய கண் ஓய்வு பெற்றதும் சும்மா இருக்குமா? பத்திரிகைக்குப் பதிலாகத் தெருவைத் திருத்தத் தொடங்கியது.

அந்தத் தெரு பாதுகாக்கப்பட்ட பழைய தெரு. ஒரு ஜன்னலை மாற்றுவதென்றாலும் நகராட்சிக்கு விண்ணப்பம் போட வேண்டும். விண்ணப்பத்தின் நகலை வரைபடத்தோடு அந்த வீட்டுக் கதவிலேயே ஒட்டிவிடுவார்கள். போகிறவர் வருகிறவர் படித்துப் பார்த்து, ஆட்சேபணை இருந்தால் எழுதித் தரலாம். எதுவும் வராவிட்டால் அனுமதி தானாகக் கிடைத்துவிடும். ஒன்றே ஒன்று வந்தாலும் விஷயம் மன்றக் கூட்டத்துக்குப் போகும். மற்றவர்கள் அந்தத் தாளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போவார்கள். இவர் நின்று, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கடைசி வரி வரை படிப்பார்.

இவரிடம் அதிகம் மாட்டிக்கொண்டவர் எதிர்வீட்டுப் பேக்கரிக்காரர். பெயர்ப்பலகை வைத்தார், எழுத்து பெரிது என்று ஆட்சேபணை. வெயிலுக்குத் துணிப்பந்தல் கேட்டார். பழைய தூணை மறைக்கிறது என்று ஆட்சேபணை. வாசலில் இரண்டு பெஞ்சு போடக் கேட்டார். ஊர்க்கதை பேச நடைபாதைதான் கிடைத்ததா என்று இவர் ஒரு பக்கத்துக்கு எழுதினார். ஆனால் காலையில் ரொட்டி வாங்குவது அவரிடம்தான். ரொட்டியில் குறை சொல்ல ஒன்றும் இல்லையே என்பதில் ஆட்சேபணையம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் அக்கா ஃபோனில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். அக்கா வேறு ஊரில் மகனோடு இருந்தவர். முழங்கால் ஆபரேஷன் ஆகி, மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகனுக்கோ வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது.

"ஒரு ஹோம்ல இடம் பாத்துட்டான். அவன் கிளம்புறதுக்குள்ள அங்க போயிடணுமாம். நல்ல இடம்தான், தோட்டமெல்லாம் இருக்கு" என்றார் அக்கா. சொன்ன குரலில் தோட்டமும் இல்லை, ஒன்றும் இல்லை.

"ஏன், நான் என்ன செத்தா போயிட்டேன்? இங்க வா."

"உன் வீட்ல பாத்ரூம் மாடியில இருக்கு. நான் பறந்து போகவா?"

"கீழ ஒண்ணு கட்டிட்டாப் போச்சு" என்றார் தங்கை. வாழ்நாளில் எதையும் அவ்வளவு சீக்கிரம் அவர் ஒப்புக்கொண்டதில்லை.

வரைபடக்காரரை வரவழைத்தார். அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்து, மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையைக் காட்டினார். "அதைத் தொடக் கூடாது" என்றார் ஆட்சேபணையம்மா. அப்படியானால் முன்னறையில் ஒரு மூலையைத் தடுத்துக் கட்டலாம் என்றார் அவர். மகன் கிளம்பும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஊரார் வரைபடத்தில் கோட்டின் தடிமனைக்கூட விடாத அம்மா, தன் வரைபடத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் காய்கறிப் பையோடு வீடு திரும்பியபோது கதவில் தாள் ஒட்டியிருந்தது. பழக்கதோஷம், நின்றார், கண்ணாடியைத் துடைத்தார், படித்தார். படிக்கப் படிக்க முகம் சிவந்தது. வரைபடத்தில் புதுச்சுவர் நேராக முன்னறையின் வண்ணக் கண்ணாடி ஜன்னலின் குறுக்கே போயிருந்தது. வளைவு வைத்த ஜன்னல் அது. சாயங்காலமானால் தரையில் சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் விழும். அந்தச் சிவப்பு யார் கையில் விழ வேண்டும் என்று சின்ன வயதில் அக்காவும் தங்கையும் முடியைப் பிடித்துச் சண்டை போட்ட ஜன்னல். அதன் நெற்றியில் கழிவுநீர்க் குழாய் ஒன்று எட்டிப் பார்த்தது.

"எந்த மடையன் இதுக்கு விண்ணப்பம் போட்டது?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டார். பேக்கரி வாசலில் நின்றவர்கள் கீழே பார்த்துக்கொண்டார்கள்.

அன்று மாலையே ஆட்சேபணை எழுதி, நகராட்சி ஜன்னலில் நீட்டினார். குமாஸ்தா படித்துப் பார்த்தார். மேலே பெயரைப் பார்த்தார், கீழே பெயரைப் பார்த்தார்.

"அம்மா, இது உங்க வீடு."

"தெரியும். என் வீடுங்கிறதுக்காக விட்டுட முடியுமா?"

"அப்ப விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிட்டு, புதுசா ஒண்ணு போடுங்களேன்."

"புதுசாப் போட்டா எத்தனை நாள் ஆகும்?"

"மூணு நாலு மாசம் ஆகும்மா."

"அதுக்குள்ள எங்க அக்கா ஹோமுக்குப் போயிடுவா. முடியாது."

"அப்ப ஆட்சேபணையை வாபஸ் வாங்குங்க."

"ஜன்னல் போயிடும். அதுவும் முடியாது."

குமாஸ்தா தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு முத்திரை குத்தினார், வேறென்ன செய்வது?

ஆட்சேபணையம்மாவுக்கே ஆட்சேபணையாம் என்று ஊரெல்லாம் பரவியது. கூட்டத்தன்று மன்ற அறையில் உட்கார இடமில்லை. பேக்கரிக்காரர் கடையைச் சாத்திவிட்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். மன்றத் தலைவி ஒரு பல் டாக்டர். யாரையும் அதிக நேரம் வாயைத் திறந்துவைக்க விட மாட்டார். இடதுபக்க மேடையில் ஆட்சேபிப்பவர் நிற்க வேண்டும், வலதுபக்கம் விண்ணப்பித்தவர். அம்மா நேராக இடதுபக்கம் போனார்.

பேசினார் பாருங்கள்! இந்தத் தெருவில் இப்படி ஜன்னல்கள் எத்தனை இருந்தன, ஒவ்வொன்றும் எப்படிப் போயிற்று, இது ஒன்றுதான் மிச்சம், இதையும் ஒரு குழாய்க்காகக் காவு கொடுக்கப்போகிறோமா என்று கேட்டார். உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். அப்போதே ஓட்டெடுத்திருந்தால் விண்ணப்பம் குப்பைக்கூடைக்குப் போயிருக்கும்.

"விண்ணப்பதாரர் பதில் சொல்லலாம்" என்றார் தலைவி.

அம்மா இறங்கி, குறுக்கே நடந்து, வலதுபக்கம் ஏறினார். அறையில் சிரிப்பு. அந்த மேடையில் அவர் ஒருநாளும் நின்றதில்லை. வேண்டாம் என்று சொல்ல ஆயிரம் வார்த்தை கைவசம் வைத்திருந்தவருக்கு, வேண்டும் என்று சொல்ல ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

"எனக்கு எங்க அக்கா வேணும்" என்றார் கடைசியில். "அவ்வளவுதான்."

சிரிப்பு அடங்கிவிட்டது. தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

அப்போது பேக்கரிக்காரர் கையைத் தூக்கினார். "மேடம், ஒண்ணு கேக்கலாமா? கதவுல ஒட்டின வரைபடத்துல மாடிப்படிக்குக் கீழ ஒரு ரூம் இருக்குல்ல, அதுல கட்டினா என்ன?"

வரைபடக்காரர் எழுந்தார். "நான் முதல்லயே சொன்னேன். பின்பக்கமாக் குழாய் விட்டுடலாம், ஜன்னலைத் தொடவே வேண்டாம். அம்மாதான் விடல."

"அந்த அறையில என்ன இருக்கு?" என்று கேட்டார் தலைவி.

அம்மா முகத்தில் ஈயாடவில்லை. "பேப்பர்" என்றார் மெதுவாக.

"என்ன பேப்பர்?"

"இதுவரைக்கும் நான் எழுதின ஆட்சேபணைங்க. நகல்."

அறை வெடித்துச் சிரித்தது. பேக்கரிக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "அதுல பாதி என்னைப் பத்தினதுதான். காலி பண்றதுக்கு நானே வண்டி கொண்டாரேன்!"

பேக்கரிக்காரரின் அக்கறை அக்காமேலா, அந்தக் காகிதங்களை ஒழிப்பதிலா என்று யாரும் கேட்கவில்லை. உறுப்பினர்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். சின்னத் திருத்தம்தான், புது விண்ணப்பம் தேவையில்லை, ஜன்னல் இருந்தபடியே இருக்க வேண்டும் என்று முடிவானது.

"ஆட்சேபிச்சவங்களுக்குச் சம்மதமா?" என்றார் தலைவி.

அம்மா இடதுபக்கம் நடந்துபோய், "சம்மதம்" என்றார்.

"விண்ணப்பதாரருக்கு?"

வலதுபக்கம் திரும்பி வந்தார். இந்தத் தடவை நடை கொஞ்சம் தளர்ந்திருந்தது. தூசு தட்டி, கயிறு கட்டி, வருஷவாரியாக அடுக்கிய கட்டுகள் கண்முன் வந்தன. வாழ்ந்ததற்கு அவரிடம் வேறு சாட்சி இல்லை. மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"சம்மதம். வண்டி காலையிலயே வரட்டும்" என்றார்.

அக்கா வந்து இறங்கியபோது கீழே புது பாத்ரூமில் சுண்ணாம்பு வாசனை போகவில்லை. முதல் நாளே குழாயில் தண்ணீர் சொட்டுகிறது என்று குறை சொன்னார். தங்கைக்கு அப்படியொரு சந்தோஷம். வீட்டில் இன்னொரு வாய் வந்துவிட்டது. சாயங்காலம் அக்காவின் நாற்காலியை வண்ண ஜன்னலுக்குப் பக்கத்தில் போட்டார். சிவப்பு வெளிச்சம் அக்கா கையில் விழுந்தது. இந்தத் தடவை தங்கை சண்டைக்குப் போகவில்லை.

"எதிர்ல நிறைய பேர் வராங்க, ரொட்டியை வாங்கிட்டு உடனே ஓடிடுறாங்களே. உக்கார எதுவும் இல்லையா?" என்று கேட்டார் அக்கா.

தங்கை வாசலுக்குப் போய் எதிரே பார்த்தார். பேக்கரி வாசலில் பெஞ்சு போடும் விண்ணப்பம் மறுபடியும் அந்தக் கடைக் கதவில் ஒட்டியிருந்தது. மறுநாள் நகராட்சிக்குப் போய், ஆதரவு தெரிவிக்கும் படிவம் ஒன்று கேட்டார். குமாஸ்தா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அம்மா, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"குடுய்யா" என்று பிடுங்கிக்கொண்டு வந்தார்.

வீட்டில் உட்கார்ந்து நிரப்பினார். காரணம் என்ற இடத்தில், 'என் அக்காவுக்குப் பேச்சுத்துணைக்கு நாலு பேர் வேண்டும்' என்று எழுதினார். மனசு கேட்காமல் அடியில், 'பெஞ்சுக்குப் பச்சை வண்ணம் கூடாது' என்றும் சேர்த்தார்.

அக்கா தாளை வாங்கிப் படித்தார். "ஏன்டி, எனக்கு மட்டும்தான் வேணுமா?"

தங்கை தாளைத் திரும்ப வாங்கினார். மெய்ப்புத் திருத்தும் பழைய சிவப்புப் பேனாவை எடுத்து, 'என் அக்காவுக்கு' என்பதை அடித்துவிட்டு, மேலே 'எங்களுக்கு' என்று எழுதினார்.