ஸ்டெப்னி பஞ்சர்

ஆரம்பாக்கம் கிரேஸுக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று ரயிலில் கூட வரும் பெண்கள் சொல்வார்கள். வராதா பின்னே? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனி; அதன் கழிவுநீர் பிளாண்டில் எட்டு வருஷமாக அவள் பதிலி ஆள். நிரந்தர ஆபரேட்டர் குணா லீவு போட்டால் போன் வரும். விழுந்தடித்துக்கொண்டு ஓடிப்போய் அவன் இடத்தில் நிற்க வேண்டும். அவன் வந்துவிட்டால் வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டும். இதற்கு அங்கே வைத்திருக்கும் பெயர் ஸ்டெப்னி. லாரியில் தொங்குமே, அந்த உபரி டயர். ஆம்பளைகள் மத்தியில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. கட்டியவளைத் தவிர வெளியே வைத்துக்கொண்டிருக்கும் பெண். அது தெரிந்தேதான், "ஸ்டெப்னி வந்துட்ச்சிடா" என்று இளிப்பார்கள். கிரேஸ் பல்லைக் கடித்துக்கொள்வாள். ஏனென்றால், "அடுத்த பெர்மனென்ட் உனக்குத்தான்" என்று மெயின்டனன்ஸ் மேனேஜர் பார்த்திபன் ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கழிவுநீர்த் தொட்டிக்குக் காற்று ஊத புது ப்ளோயர் ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார்கள். அதன் தண்டு எதையும் தொடாது. காந்தத்தின் பிடியில் அந்தரத்தில் சுற்றும். பிடி விட்டால் தண்டு பொத்தென்று விழுமே, அதைத் தாங்க இரண்டு பக்கமும் சின்னதாக ஒரு பேரிங். மற்ற நேரமெல்லாம் சும்மா இருக்கும். விழுகிற அடியை மட்டும் அதுதான் வாங்கும். எத்தனை அடி என்று மெஷினே எண்ணிக்கொண்டு, அளவு தாண்டினால் அலாரம் அடிக்கும். அந்தப் பேரிங்குக்கும் ஸ்டெப்னி என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அன்றைக்கு குணா லீவு. காலையில் கரண்ட் போனது. அந்த மாதிரி நேரத்தில் காந்தத்தைக் காப்பாற்ற வேண்டிய பேட்டரி செத்து மாசக்கணக்காகிறது, மாற்ற நாதியில்லை. சுற்றிக்கொண்டிருந்த தண்டு விழுந்து, கர்ரென்று அரைத்து நின்றது. கரண்ட் வந்தபோது திரை முழுக்கச் சிவப்பு. கிரேஸ் பக்கத்தில் சும்மா கிடந்த பழைய ப்ளோயரை ஓடவிட்டுவிட்டு மேனேஜருக்குச் சொல்லி அனுப்பினாள்.

பார்த்திபன் வேர்க்க விறுவிறுக்க வந்தார். "இன்னாம்மா, புதுசு ஏன் நிக்குது? ஹெட் ஆபீஸ்ல இருந்து வந்துக்கினு இருக்காங்க. அத்தப் பாக்கத்தான் வராங்க."

"அலாரம் சார். பேரிங் போயிட்ச்சி."

"அது தேஞ்சுக்கினு வர்றது தெரியும். முன்னாடியே ஆர்டர் போட்டாச்சு. மெயின் காந்தம் நல்லாத்தானே இருக்கு? போனது ஸ்டெப்னிதானே. ரீசெட் பண்ணி ஓட்டு."

"ஸ்டெப்னிதானேவா?" கிரேஸின் குரல் ஏறிவிட்டது. "என் ஊட்டுக்காரர் லாரி ஓட்றாரு சார். ஸ்டெப்னி பஞ்சரா கீதுன்னா எளாவூர் செக்போஸ்ட்டத் தாண்ட மாட்டாரு. அத்த ஒட்டிக்கினுதான் மறுவேலை. இன்னொரு தபா கரண்ட் போச்சுன்னா தண்டு எது மேல உழும்? பிச்சிக்கினு பறந்தா பக்கத்துல நிக்கிறது நானா, ஹெட் ஆபீஸா?"

"ஓவரா பேசாத. பெர்மனென்ட் பேச்சு நடக்குற நேரம், பேஜாரு பண்ணிக்காத."

அந்தப் பேச்சை அவர் எடுத்திருக்கக் கூடாது. நாக்கு எட்டாத முழங்கையில் வெல்லத்தைத் தடவி நக்கச் சொல்வது என்று எல்லைப்பக்கத் தெலுங்குக்காரர்கள் சொல்வார்களே, எட்டு வருஷமாக நடந்தது அதுதான். கிரேஸ் கன்ட்ரோல் பெட்டியை விட்டு ஒதுங்கி நின்றாள்.

"ஸ்விட்ச் அங்க கீது. நீங்களே அமுக்குங்க சார்."

பார்த்திபன் பெட்டி வரைக்கும் போனார். கையை நீட்டினார். ப்ளோயரைப் பார்த்தார், கதவு எவ்வளவு தூரம் என்று பார்த்தார். நீட்டிய கையை பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

அடப்பாவி! தெரிந்தேதானா அவளை அமுக்கச் சொன்னான்? கிரேஸுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது.

"கேட் பாஸைக் குடுத்துட்டுப் போ" என்றார் பார்த்திபன், அவள் முகத்தைப் பார்க்காமல். கழுத்திலிருந்து கழற்றி அந்தப் பெட்டி மேலேயே வீசிவிட்டு வந்தாள். சாப்பாட்டு டப்பாவைக்கூட எடுக்கவில்லை. ரயிலில் ஊர் வரைக்கும் அழுதாள். ஆத்திரத்தில் வந்த அழுகைதான்; ஆனாலும் போனது வேலை.

மறுவாரம் ஒரு காலையில், அவள் புருஷன் பீட்டர் நாஷ்டா தின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. பார்த்திபன்தான். ஒன்றும் நடக்காத மாதிரி பேசினார்.

"கிரேஸு, புது பேரிங் மாட்டியாச்சு. பேட்டரியும் மாத்தியாச்சு. எதையும் மனசுல வச்சிக்காத. குணா நாளைக்கு லீவு, வந்துடு."

போய்விடேன் என்று பீட்டர் கையால் ஜாடை காட்டினான். அவன் சொல்வதிலும் தப்பில்லை. லாரி வருமானம் மட்டும் எந்த மூலைக்கு?

"பேரிங்குக்கு ஆர்டர் போட்டீங்க, வந்துட்ச்சி. என் ஆர்டர் இன்னா ஆச்சு சார்?"

"எந்த ஆர்டர்? ஓ... அதுவா? பொங்கலுக்குள்ள பாத்துக்கலாம்மா. நீ மொதல்ல நாளைக்கு வந்து நில்லு."

"ஸ்டெப்னி பஞ்சர் சார்" என்று சொல்லிப் போனை வைத்தாள் கிரேஸ்.