சுழற்ற முடியாத பிடி

ரயிலில் யாரோ வினிகர் தெளித்த சிப்ஸைப் பிரித்தார்கள். நாங்கள் வளர்ந்த கிரவீனில் இப்போது மாடிவீடுகள் நிற்கும் இடத்திலிருந்த மீன்பொரியல் கடையும், அதன் மூலையில் எண்ணெய்ப் பிசுக்கேறி நின்ற சண்டை விளையாட்டு மெஷினும் அந்த மணத்தோடு வந்தன. அண்ணா மெஷினின் பிடியைக் கீழிருந்து முன்பக்கமாகச் சுழற்றி, திரையில் நெருப்புருண்டை வீசுவார். நானோ பிடியைப் பின்னால் இழுத்து வைத்துக் காத்திருந்து, சட்டென்று முன்னே தள்ளி அடிக்கிற ஆளையே விளையாட எடுப்பேன்.

"என்னடா, பஸ்ஸுக்கே நிக்கிறாய்? அடியன்!" என்று சிரிப்பார்.

ஒரு குளிர்காலத்தில் அவருடைய மணிக்கட்டு சுழல மறுத்தது. அடுத்த ஆட்டத்தில் சுழற்றத் தேவையில்லாத என் ஆளை எடுத்தார்.

"அம்மாட்டச் சொல்லிப்போடாதை" என்றார்.

தசைகளைக் கரைக்கும் வருத்தம் என்று டாக்டர் சொன்ன பிறகும் அந்தக் கடைக்குப் போனோம். அவர் பின்னால் இழுத்துப் பிடிப்பார். முன்னே தள்ளுவது என் கை. கடைசியில் இழுப்பதும் என் கையாயிற்று. அவர் கை அதன்மேல் சும்மா கிடந்தது.