தனலட்சுமி அக்கா கையெழுத்திட்ட கூட்டக் குறிப்பு

செவ்வாய்க்கிழமை காலை ஈப்போவில் மருந்தகத்தின் முன் என் எண்ணுக்காகக் காத்திருந்தேன். தனலட்சுமி அக்கா காலமானார் என்று அவருடைய மகளின் செய்தி கைப்பேசியில் வந்தது. இரண்டு முறை படித்தேன். அதற்குள் என் எண்ணை அழைத்தார்கள். இரத்த அழுத்த மாத்திரைகளை வாங்கி, உறையின் மேல் எழுதியிருந்ததைச் சரிபார்த்தேன். வீடு வந்தபோதும் அழுகை வரவில்லை. இன்றும் வரவில்லை. இதை எழுத நான் தகுதியானவனா என்று தெரியவில்லை. நம் கூட்டுறவுச் சங்கத்தில் பதினோர் ஆண்டுகள் அவர் தலைவர், நான் செயலாளர். அவ்வளவுதான்.

தாப்பாவுக்கு அருகில் பழைய ரப்பர் தோட்டத்துக் குடும்பங்கள் சேர்ந்து தொடங்கிய சங்கம் அது. மலையிலிருந்து இறங்கும் காய்கறிகளுக்காக ஒரு குளிர்கிடங்கு கட்ட ஆரம்பித்தோம். மலைமேல் இரண்டு மொத்த வியாபாரிகள் சரக்கு தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மாதக் கூட்டத்தில் கடவுள் வாழ்த்து முடிந்ததும் அக்கா கேட்பார்: "இந்தக் கிடங்கு இன்னும் யாருக்கு வேணும்? அவங்கள இந்த மாசம் யாரு பாத்தா?" அதற்குப் பதில் வந்த பிறகுதான் என் அறிக்கை.

"ஒரு தடவ முடிவு பண்ணியாச்சு லா அக்கா. மாசாமாசம் பொண்ணு பாக்கப் போவணுமா?" என்று துணைத் தலைவர் முனியாண்டி சலித்துக்கொள்வார்.

"மரம் நிக்குதுன்னு வெட்டிக்கிட்டே இருப்பியா? பால் வரணும் லா," என்பார் அக்கா. இளவயதில் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, ரப்பர் பால் எடுத்தவர்.

சுவர்கள் எழும்பின. என் கோப்பில் ஒரு வேலைகூட ஒரு நாளும் பிந்தவில்லை. அப்போதுதான் தாப்பா சாப்பாட்டுக் கடையில் ஒரு லாரி ஓட்டுநர் சொன்னார், அந்த வியாபாரிகள் இருவரும் மேலேயே சொந்தக் கிடங்கு கட்டுகிறார்கள் என்று. உறுதிசெய்துகொண்டு சொல்லலாம் என்று நினைத்தேன். உறுதிசெய்யவில்லை. அந்த வாரக் கடைசியில் கூட்டம். அக்கா வழக்கம்போல் கேட்டார். "புதுசா ஒண்ணும் இல்லக்கா," என்றேன்.

ஓட்டுநர் என்னிடம் சொல்லிப் பதினேழாம் நாள், அக்காவே பஸ் ஏறி மலைக்குப் போனார். மாலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, மேல அவங்களே கட்டிட்டாங்க. நாளைக்கு வேலய நிறுத்து."

"கூரை மட்டும்தான் பாக்கிக்கா."

"யாருக்குக் கூரை?"

பொதுக்கூட்டத்தில் முனியாண்டி கத்தினார்: "தோட்டத்துச் சனம் தலையெடுத்தா ஒங்களுக்குப் பொறுக்கலயாக்கா?"

"நான்தான் நிறுத்தச் சொன்னேன். என்னயக் கேளுங்க," என்றார் அக்கா. யாரும் கேட்கவில்லை, திட்டினார்கள். அடுத்த தேர்தலில் தோற்றார். உங்களில் பலர் அன்று அந்த அறையில் இருந்தீர்கள். நான் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பொதுக்கூட்டத்துக்கு மறுநாள் கூட்டக் குறிப்பைக் கையெழுத்துக்குக் கொண்டுபோனேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தார்.

"எதையும் விடலியே தம்பி?"

"இல்லக்கா."

கையெழுத்திட்டார். "ஒன் எழுத்து அழகு லா," என்றார்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தத் தாளில் உள்ள கையெழுத்துதான். அதற்கு மேலே இருந்திருக்க வேண்டிய வரியை, அவரைத் திட்டியவர்கள் படிப்பதற்காக, இப்போது எழுதுகிறேன்: தலைவர் மலைக்குப் போவதற்குப் பதினேழு நாள் முன்பே செயலாளருக்குத் தெரியும்.