வாசலோடு நின்ற கால்

இலவசமாகக் கொடுத்ததைக் குறை சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நான் சொல்வேன். அதை மாட்டிக்கொண்டு நடந்தவள் நான்தான். எனக்கில்லாத உரிமை வேறு யாருக்கு?

கைக்குழந்தையாக இருந்தபோதே போலியோ வந்து என் இடது கால் சூம்பிவிட்டது. பட்டாபிராமில் எங்கள் ஒற்றை அறை வீட்டிலும், வெளியே தெருவிலும் கையூன்றித்தான் நகர்ந்தேன். காலையில் அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, மண்ணூர்பேட்டைக் கம்பெனி வேலைக்கு ரயிலைப் பிடிக்க ஓடுவார். நான் வளர வளர அவருக்கு மூச்சு வாங்கியது.

எண்பதுகளின் நடுவில், போலியோ வந்த பிள்ளைகளுக்கென்று அம்பத்தூரில் ஓர் இலவச முகாம் நடத்தினார்கள். ஷாமியானா, மைக், மாலை, மேடையில் பெரிய மனிதர்கள் எல்லாம் உண்டு. எங்களைப் பெஞ்சில் உட்காரவைத்துக் காலை அளந்துகொண்டு போனார்கள். சில மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடி மேடை போட்டுக் காலிப்பர் கொடுத்தார்கள். தொடையிலிருந்து இறங்கும் இரண்டு இரும்புக் கம்பிகள், முழங்காலை நேராகப் பிடித்து நிறுத்த ஒரு பூட்டு, இறுக்கிக் கட்டத் தோல் வார், கீழே கனத்த கறுப்பு ஷூ. கம்பியையும் ஷூவையும் சேர்த்தே அடித்திருந்தார்கள். ஷூவைக் கழற்றினால் காலையே கழற்றியதுபோலத்தான்.

மாட்டிவிட்டு எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றேன். அப்பாவின் சட்டைப் பை என் முகத்துக்கு நேராக இருந்தது. மனிதர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். காலையில் போட்டால் படுக்கப் போகும்வரை கழற்றக் கூடாது, கழற்றிக்கொண்டே இருந்தால் முழங்கால் மடங்கிக்கொள்ளும், பிறகு நடக்கவே முடியாது என்று மைக்கில் சொன்னார்கள். அம்மா பயபக்தியோடு தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்தோம். அதே அம்மா வாசற்படியில் குறுக்கே நின்றாள்.

"செருப்ப அவுத்துட்டு உள்ள வா."

இது செருப்பில்லை, கால் என்றேன். அவளுக்கு அது புரியாமலும் இல்லை.

"அடியில தோலு கீது, தெரு மண்ணு கீது. உள்ள சாமி படம் கீது. நீயே சொல்லு."

அவள் கல்நெஞ்சக்காரி இல்லை. ஒரே அறை. சாமியும் அடுப்பும் பாயும் அதற்குள்தான். செருப்புக் காலோடு உள்ளே வந்த யாரையும் அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. அதனால் என்னை வாசலில் உட்காரவைத்து வார்களை ஒவ்வொன்றாக அவிழ்ப்பாள். கம்பிக்குத் தேங்காயெண்ணெய் தடவி, குழந்தையை நிற்கவைப்பதுபோல வெளிச்சுவரோரம் சாத்திவைப்பாள். நான் தரையில் நகர்ந்து உள்ளே போவேன். பள்ளிக்கூடத்திலும் எல்லோரும் செருப்பை வகுப்புக்கு வெளியேதான் விட வேண்டும். என்னுடையதும் அங்கேதான் கிடந்தது. ஆக, நான் நடந்ததெல்லாம் ரோட்டில் மட்டும்தான்.

அம்மாவை விடுங்கள். அந்த மேடையில் மாலை போட்டுக்கொண்டவர்கள் எல்லாம் தங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தானே உள்ளே போயிருப்பார்கள்? அவர்களில் ஒருத்தருக்குக் கூடவா தோன்றவில்லை? இந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

முகாம்காரர்கள் திரும்பி வரவேயில்லை. காலை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுக்க ஆவடியிலும் பூந்தமல்லியிலும் யாராவது இருக்கிறார்களா என்று அப்பா தேடினார். எல்லோரும் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியைக் கைகாட்டினார்கள். சென்ட்ரல்வரை ரயில், அப்புறம் பஸ். அதற்கு அப்பா லீவு போட வேண்டும். அடிக்கடி லீவு போடுகிறவரை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்? கொஞ்ச நாள் போனோம், பிறகு நின்றுவிட்டது. அதற்குள் முழங்கால் மெல்ல மடங்க ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் பூட்டு விழவில்லை. ஷூ சின்னதாகிவிட்டது என்று நினைத்து அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கே பயிற்சி கொடுக்கும் பெண்மணி என் முழங்காலை அழுத்திப் பார்த்தார். தினமும் எவ்வளவு நேரம் போடுகிறாய் என்று என்னைக் கேட்டார். ரோட்டில் போகும்போது என்றேன். அவர் அம்மாவின் பக்கம் திரும்பினார். அம்மா சாமி படத்தையும் ஒற்றை அறையையும் சொல்லி முடித்தாள். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை.

"வீட்டுக்குள்ள போட்டுக்க, தோலே இல்லாம, மரக்கட்டையில தனியா ஒண்ணு செஞ்சு குடுத்திருப்போமேம்மா. சொல்லியிருக்கலாமே."

"யாரும் கேக்கலியேம்மா," என்றாள் அம்மா.

இனி ஆபரேஷன் செய்துதான் நிமிர்த்த முடியும் என்றார்கள். பிறகு மாதக் கணக்கில் தினமும் வந்து பயிற்சி எடுக்க வேண்டுமாம். தினமும்! பட்டாபிராமிலிருந்து! அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் அப்பா. அதற்கடுத்த வருஷமும் அதையே சொன்னார். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பள்ளிக்கூடம் எனக்கு அத்தோடு முடிந்தது. தூக்கிப்போக அப்பாவால் முடியவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், வாசலில் நனைந்துகொண்டிருந்த காலிப்பரை அம்மா எடுத்துக் கழுவி, முந்தானையால் துடைத்து, உள்ளே கொண்டுவந்தாள். வேறு யார் பிள்ளைக்காவது ஆகும் என்று முணுமுணுத்துக்கொண்டே சாமி படத்துக்குக் கீழே சாத்தினாள். தரையில் உட்கார்ந்திருந்த எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"இப்ப மட்டும் செருப்பு ஊட்டுக்குள்ள வர்லாமா?" என்று கேட்டேன்.

அம்மா ஷூவைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள்.

"இப்பத்தான் அது தெருவுல நடக்கிறதில்லியே," என்றாள்.