செல்வி சொன்ன நான்கு எண்கள்

நடக்காத வேலையை நடந்ததாகக் காட்டினேன். அதனால் ஒருவரின் கால் முறிந்தது. அதற்குக் காரணம் தான்தான் என்று அவருடைய மனைவியை நம்பவும் வைத்தேன்!

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே ஒரு பேரூராட்சி அலுவலகத்தில் நான் கணினி இயக்குபவள். ஊர்ப்பெயர் வேண்டாம். தவறு என்னுடையது, ஊருடையது அல்ல.

எங்கள் புகார்ச் செயலியை நான் குறை சொல்லமாட்டேன். முன்பு குழாய் உடைந்தால் மனுவோடு வந்து அரை நாள் காத்துக் கிடப்பார்கள். இப்போது படம் எடுத்து அனுப்பினால் மறுநாளே ஆள் போகிறது. நல்ல ஏற்பாடு... கெடுத்தவள் நான்.

வேலை முடிந்ததாக நான் பதிந்தால், புகார் கொடுத்தவரின் கைப்பேசிக்கு நான்கு இலக்க எண் ஒன்று போகும். அதை அவர் சொன்னால்தான் புகாரை மூட முடியும். எங்களைப் போன்றவர்கள் ஏமாற்றக் கூடாது என்பதற்காகப் போட்ட பூட்டு அது. ஏழு நாள் தாண்டினால் புகார் திரையில் சிவப்பாகிவிடும். சிவப்பு இருந்தால் திங்கட்கிழமைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் என்னை நிற்க வைத்துக் கேட்பார்கள். எனக்கோ யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது!

செல்வி அக்கா நிலக்கடலை உடைக்கும் மல்லாட்டை மில்லில் கூலி வேலை செய்பவர். கணவர் ஏழுமலை கொத்தனார். வீட்டு வாசலில் சாக்கடை மூடி உடைந்து கிடப்பதாக அக்கா படம் அனுப்பியிருந்தார். புது மூடி வார்த்து வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். ஏழாம் நாள் வேலை முடிந்ததாகப் பதிந்துவிட்டு அக்காவைக் கைப்பேசியில் அழைத்தேன்.

“ஒங்களுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்கக்கா.”

“நம்பர் சொன்னா மூடி வந்துருங்களா மேடம்?”

“வந்துரும்க்கா.”

எழுத்துக்கூட்டிப் படிப்பவரைப்போல ஒவ்வோர் எண்ணாகச் சொன்னார். திரை பச்சையானது. மூடி வந்ததும் நானே ஞாபகமாக அனுப்பிவிடலாம் என்று நினைத்திருந்தேன். பட்டியலில் இல்லாததை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்? நானும் மறந்தேன். வந்த மூடி வேறு தெருவுக்குப் போய்விட்டது.

அடுத்த மாதம் ஒரு மழை நாளில் ஏழுமலை அண்ணன் அந்தக் குழியில் கால் வைத்தார். தொடை எலும்பு முறிந்தது. இனிச் சாரத்தில் ஏற முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

அக்கா அலுவலகத்துக்கு வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

“அவரு கால ஒடச்சிக்கினு கெடக்கறாரு மேடம். மூடி வரவே இல்ல. அன்னிக்கு நம்பர நான் தப்பா சொல்லிட்டேனா?”

தவறான எண்ணைக் கணினி ஏற்கவே ஏற்காது. இது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. பக்கத்து மேசையில் அதிகாரி உட்கார்ந்திருந்தார்.

“இருக்கலாம்க்கா,” என்றேன்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டு போனார். மறுநாளே மூடி போட வைத்தேன். அது யாருக்கு உதவியது?

அன்றிலிருந்து வேலை முடியாமல் எண் கேட்பதில்லை. கூட்டத்தில் நின்று திட்டும் வாங்குகிறேன். அதனால் நான் நல்லவளாகிவிட்டேன் என்று நீங்கள் நினைக்க வேண்டாம். அக்காவிடம் உண்மையைச் சொல்ல ஒருமுறை அந்தத் தெருமுனை வரை போனேன்... திரும்பிவிட்டேன்.

போன வாரம் அவர்கள் தெருவிளக்கு எரியவில்லை என்று புகார் வந்தது. சரிசெய்தபின் எண் கேட்டு அழைத்தேன். அக்கா ஒவ்வோர் எண்ணையும் இரண்டு இரண்டு முறை சொன்னார். பின்னால் ஏழுமலை அண்ணனின் குரல் கேட்டது.

“பாத்து சொல்லுடி! ஒருதபா நீ தப்பா சொல்லித்தான் நான் இப்டி ஒக்காந்துக்கினு கெடக்கறேன்.”

“சரியாத்தான் சொல்றேன்யா,” என்றார் அக்கா, அழுகிற குரலில். பிறகு என்னிடம் கேட்டார்:

“இப்ப சரிங்களா மேடம்?”

“சரிக்கா,” என்றேன். திரை பச்சையானது.