முகம் காட்டாத மாப்பிள்ளை

ரெஜினோல்ட் என்ற பெயர் ரோஷானியின் காதில் முதன்முதலாக விழுந்தபோது அவள் தண்ணீர் கொட்டும் தோட்டத்துப் பீலிக்கரையில் தலை நிறையச் சவர்க்கார நுரையோடு கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றிருந்தாள். மேலே படிக்கட்டில் நின்று கத்தியது சுகந்தி அத்தை.

"ஏ ரோஷானி! ஒனக்கு மாப்பிள்ள பாத்தாச்சு! பேரு ரெஜினோல்ட்! ஆப்பிரிக்காவுல சிங்கத்தப் படம் புடிக்கிறாரு!"

"தலையக் கழுவிக்கிறேன் அத்தை, கண்ணு எரியுது!"

"கழுவு, கழுவு. சிங்கம் எங்கயும் ஓடிப்போகாது."

துணி அலசிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்த சிரிப்பு லயத்து வீடுகள் வரைக்கும் கேட்டது.

சுகந்தி யாரென்றால், ரோஷானியின் அப்பா யோசப்புக்குப் பெரியப்பா மகள். வாழ்க்கைப்பட்டது கித்துல்கலப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அவளுடைய கொழுந்தனின் மூத்த மகன்தான் ரெஜினோல்ட். ஆக ரோஷானிக்கு மாமன் மகன் முறை. இன்னும் சொல்லப்போனால், ரெஜினோல்டைப் பெற்ற எட்டியாந்தோட்டைக்காரி ஞானஸ்நானத்தின்போது யோசப்பின் அம்மா கையில் ஏந்திய பிள்ளை. உறவில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் மாப்பிள்ளையின் வேலையில்தான்.

அந்த வேலை அவனுக்கு வந்து சேர்ந்த கதையே தனி. கித்துல்கலயில் களனி ஆற்று நுரைக்குள் வெள்ளைக்காரர்கள் காசு கொடுத்து ரப்பர் படகில் விழுந்து எழும்புவார்கள் அல்லவா, அந்த வளைவில் ஒரு பாறைமேல் நின்று, அவர்கள் விழுகிறதைப் படம் எடுத்து விற்றுக்கொண்டிருந்தான் ரெஜினோல்ட். ஒரு நாள் ஒரு வெள்ளைக்காரம்மா படகிலிருந்து பறந்தாள். வாய் ஆவென்று திறந்திருக்க, கால் இரண்டும் வானத்தைப் பார்க்க, கழன்ற செருப்பு ஒன்று அவள் தலைக்குமேல் நிற்க, அத்தனையும் படத்தில் விழுந்துவிட்டது. அந்த அம்மாவுக்குக் கென்யாவில், காட்டுக்குள்ளே, விருந்தாளிகள் வந்து தங்குகிற முகாம் ஒன்று இருந்தது. படத்தைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள், "இந்தச் செருப்பையே விடாதவன் சிறுத்தையை விடுவானா?" என்று அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அங்கே விடியும்போதே விருந்தாளிகளோடு ஜீப்பில் கிளம்பிவிடுவான். கீழே இறங்கக் கூடாது. தன் பழைய சாரத்தைக் கிழித்துத் தைத்த பை நிறையப் பச்சைப்பயறு போட்டுக் கட்டி வைத்திருந்தான். அதை ஜீப் ஜன்னலில் வைத்து, அதன்மேல் நீளமான கேமராவைச் சாய்த்தால் கை நடுங்காது. சிவிங்கிப்புலி ஒன்று கறையான் புற்றின்மேல் ஏறி நிற்கும் என்று காலை முழுக்கக் காத்திருப்பான். அது ஏறாமலே தூங்கிப்போகும். மறுநாளும் போவான். எருமை முறைத்தால் அவன் வாயில் தமிழும் வராது, இங்கிலீசும் வராது. "மஹத்தயா, பொட்டக் இன்ன" என்று சிங்களத்தில், ஐயா கொஞ்சம் பொறுங்கள் என்று கெஞ்சுவான். எருமையும் பொறுக்குமாம்.

இதெல்லாம் ரோஷானிக்குப் பிற்பாடு தெரிந்தது. முதலில் வந்தது படம்.

சம்பந்தம் பேசினால் மாப்பிள்ளை படம் வரவேண்டும். ஞாயிற்றுக்கிழமை லயத்துச் சனம் எல்லாம் யோசப்பின் ஒற்றை அறைக் காம்பராவில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, சுகந்தி போனைத் திறந்தாள். திரை முழுக்க ஒரு நீர்யானை வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

ரோஷானியின் அம்மா தெரேசம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். பக்கத்துக் காம்பராக்காரி எட்டிப் பார்த்து, "பல்லு நல்ல பல்லு. வாய்தான் கொஞ்சம் பெருசு. சோத்துக்கு என்ன பண்ணுவ ரோஷானி?" என்றாள்.

"ஐயோ, பின்னால பாருங்க! ஜீப்பு தெரியுதா? அதுல ஒரு தொப்பி தெரியுதா? அந்தத் தொப்பிக்குக் கீழதான் மாப்பிள்ள" என்று சுகந்தி விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். பெரிதாக்கப் பெரிதாக்கத் தொப்பியும் கட்டம் கட்டமாகச் சிதறிப்போனது.

ரோஷானி வேலை செய்தது ருவான்வெல்லைக் கடைத்தெருவில், ஸுலைஹாவின் போட்டோகாப்பிக் கடையில். முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள். ரோஷானியும் முதலாளியை ஸுலைஹா தாத்தா என்றுதான் கூப்பிடுவாள். அந்த ஸுலைஹா தாத்தா தொப்பியைப் பெரிய தாளில் அச்சடித்துத் தூரப் பிடித்துப் பார்த்தாள்.

"யா அல்லாஹ், இதுல மாப்புள எங்க புள்ள ஈக்கிறாரு? நல்ல படம் ஒண்டு அனுப்பச் செல்லுங்கோ."

ரோஷானி துணிந்து அவனுக்கே குரல் செய்தி அனுப்பினாள். "ஏங்க, ஒங்களுக்கு மூஞ்சி இருக்கா, இல்லையா?"

"இருக்குங்க. காலைல சவரம் பண்றப்பகூடப் பாத்தேன்."

"அப்ப அதப் படம் புடிச்சு அனுப்ப வேண்டியதுதானே?"

அனுப்பினான். ஒரு காது மங்கலாக இருந்தது. காதுக்குப் பின்னால் கழுதைப்புலி ஒன்று மீசை மயிர் வரைக்கும் துல்லியமாக நின்றது. மறுபடி கேட்டாள். பாதிக் கன்னமும் முழு ஒட்டகச்சிவிங்கியும் வந்தன. முகாமின் சமையற்காரர் எடுத்த படத்தில் பிடரி மட்டும்தான்.

"நான் என்ன செய்யட்டுங்க? பின்னால ஏதாவது அசைஞ்சா கழுத்து தானா திரும்பிருது."

"காது நல்லாத்தான் இருக்கு" என்று அனுப்பிவிட்டு, ரோஷானி போட்டோகாப்பி மெசினுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சிரித்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு வேறு மாப்பிள்ளை பிடிக்கவில்லை. கேகாலையில் கராஜ் வைத்திருந்த பையன் ஒருவன் நல்ல முகத்தோடு, நேராகப் பார்த்து எடுத்த படம் அனுப்பியிருந்தான். அதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

யோசப்புக்கு அந்தக் கராஜ்காரனைத்தான் பிடித்தது.

"காதக் கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்துவியா? நாளைக்குச் சிங்கம் தின்னுட்டா நான் யாருகிட்டப் போயி நியாயம் கேக்குறது, சிங்கத்துக்கிட்டயா?"

"அப்பா, ஒரு தடவ பேசிப் பாருங்க. புடிக்கலன்னா நான் வாயே தெறக்க மாட்டேன்."

"வீடியோவுல மூஞ்சியக் காட்டிப் பேசட்டும். அதுலயும் திரும்பினான்னா அடுத்த கெழம கேகாலைக்காரங்கள வரச்சொல்லிருவேன்."

இதைக் கேட்டதும் ரோஷானி அவனிடம் சத்தியம் கேட்டாள். "ஒலகமே அழிஞ்சாலும் பின்னால திரும்பாதீங்க. திரும்பினா எல்லாம் முடிஞ்சுது."

"மாதா மேல ஆணையா திரும்ப மாட்டேன்."

பூசை முடிந்த ஞாயிறு, சிக்னல் நன்றாகக் கிடைக்கிற இடம் என்பதால், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் கூடினார்கள். ஸுலைஹா தாத்தா கடையிலிருந்த, பலகை அளவு திரை கொண்ட பெரிய டெப்பைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் வந்திறங்கினாள். தோட்டமே அவள் தோளுக்குப் பின்னால் நின்றது. திரையில் ஒரு முகம் வந்தது. வெயிலில் மூக்குத்தோல் உரிந்த, எண்ணெய் வைத்து வழித்துச் சீவிய, சாதாரணமான, நல்ல முகம். காக்கிச் சட்டைக்குமேல் சிவப்பு டை.

"மூஞ்சி இருக்குடி!" என்றாள் தெரேசம்மா. ரோஷானிக்குத் தரையில் கால் பாவவில்லை.

யோசப் தொண்டையைச் செருமினார். மாப்பிள்ளை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் சபையில் சம்மதம் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று, தம்பி தம்பி என்றே பேசினார்.

"தம்பி, எங்க ஒக்காந்திருக்கீங்க?"

"முகாம் சமையக்கட்டு வாசல்ல மாமா. போனைப் பயறு மூட்டை மேல சாய்ச்சு வச்சிருக்கேன்."

"குடிப்பழக்கம் உண்டா தம்பி?"

"இல்லைங்க மாமா. தேத்தண்ணிதான்."

அப்போது அவன் முதுகுக்குப் பின்னால், மரங்களுக்கு நடுவிலிருந்து, ஒரு மரம் மட்டும் தனியாக நடந்து வந்தது. பிறகு அதற்குக் காது முளைத்தது.

"ஆனை!" என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி.

"ஆனைங்க! பின்னால! திரும்பிப் பாருங்க!" பெரட்டுக்களமே கூவியது.

ரெஜினோல்ட் விறைத்து உட்கார்ந்து, கண்ணைக்கூட இமைக்காமல் புன்னகை செய்தான். "திரும்ப மாட்டேன் மாமா. ரோஷானிக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"நெசமாவே ஆனைங்க!" ரோஷானி டெப்பைப் பிடித்து உலுக்கினாள்.

"சோதிக்கிறீங்க. எனக்குத் தெரியும்."

தும்பிக்கை அவன் தலைக்குமேல் பாம்பு மாதிரி நீண்டு ஆடியது. யோசப் துள்ளி எழுந்தார். தலையில் இருந்த துண்டு எங்கேயோ பறந்தது.

"மாப்பிள்ள! ஐயோ மாப்பிள்ள! எந்திரிச்சு ஓடுங்க மாப்பிள்ள! தெரேசு, மாப்பிள்ளகிட்டச் சொல்லு! மாப்பிள்ள, சத்தியமாவது மண்ணாவது, ஓடுங்க!"

திரையில் சாம்பல் நிறம் நிறைந்தது. பிறகு வானம் தெரிந்தது. பிறகு ஒன்றுமில்லை.

தெரேசம்மா அருள் நிறைந்த மரியே என்று தொடங்கினாள். ஸுலைஹா தாத்தா துஆ ஓதினாள். "மாப்பிள்ள எடுக்க மாட்டேங்கிறாரே, மாப்பிள்ள எடுக்க மாட்டேங்கிறாரே" என்று யோசப் டெப்பை அழுத்தித் தள்ளினார். கடைசியில் அது கிணுகிணுத்தது. டை ஒரு பக்கம் திரும்பிக் கிடக்க, மூச்சு வாங்க, காது வரைக்கும் சிரித்துக்கொண்டு வந்தான் ரெஜினோல்ட்.

"ஒண்ணும் ஆகல மாமா! வழக்கமா வர்ற ஆளுதான், முள்மரத்துக் காயி தின்ன வரும். பயறு மூட்டையத் தூக்கிட்டுப் போயிருச்சு. மாமா, அது மூட்டையக் கிழிக்கிற படம் ஒண்ணு எடுத்தேன் பாருங்க, கண்ணு கூட..."

"படமா எடுத்தீங்க!" யோசப் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று யாருக்கும் விளங்கவில்லை.

"அண்ணே," என்றாள் சுகந்தி, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "வாய் நெறைய மாப்பிள்ளன்னு கூப்பிட்டீங்க. பெரட்டுக்களமே கேட்டுச்சு. இனி கேகாலைக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க?"

யோசப் சுற்றிப் பார்த்தார். எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கராஜ்காரனுக்கு வேற பொண்ணு பாக்கச் சொல்லு. ஆனை வந்தும் எம் புள்ளைக்குக் குடுத்த வாக்க மீறாதவன் வேற எவன் இருக்கான்? மாப்பிள்ள, எப்ப ஊருக்கு வர்றீங்க?"

ரோஷானி டெப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு களத்தில் சுற்றினாள். "ஒடச்சிராதீங்க புள்ள, ஒடச்சிராதீங்க!" என்று ஸுலைஹா தாத்தா பின்னாலேயே ஓடினாள்.

கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தார்கள். ஒருவரும் தடை சொல்லவில்லை. எஹலியகொடையிலிருந்துகூட உறவுச்சனம் லொறி பிடித்து வந்தது.

ரெஜினோல்ட் இப்போது கென்யாவில் அதே முகாமில் படம் எடுக்கிறான். ரோஷானியும் கூட இருக்கிறாள். விருந்தாளிகள் கேட்கிற படங்களை அச்சடித்துக் கொடுப்பது அவள் வேலை. அங்கே பெருமழைக்கு முகாமை மூடுகிற சித்திரை, வைகாசியில் இரண்டு பேரும் ருவான்வெல்லைக்கு வந்து போகிறார்கள்.