மொய்ரா என்னை 'ஹென்' எண்டு கூப்பிட்ட ஒரு கிழமை

மொய்ரா போயிட்டா.

மத்தியானம் அவவின்ர மகள் மெசேஜ் போட்டிருந்தா. வேலைக்கு நடுவில பார்த்தனான்... பிறகு எந்த ரூமில பெட்ஷீட் மாத்தினன் எண்டே தெரியேல்ல.

ஹீத்ரோவுக்குப் பக்கத்தில ஒரு ஹோட்டல். நானும் அவவும் பதினொரு வருசம் ஒண்டா ரூம் கிளீன் பண்ணினனாங்கள். கிளாஸ்கோ மனிசி.

முதல் நாளே "கம் ஆன், ஹென்" எண்டா. அப்ப எனக்கு இங்கிலிஷ் மட்டுமட்டு. ஹென் எண்டால் பெட்டைக்கோழி, அவ்வளவுதான் தெரியும்.

ஒரு கிழமை பொறுத்தன். பிறகு சூப்பர்வைசரிட்டப் போய்ச் சொல்லிப்போட்டன்... "அவ என்னைக் கோழி எண்டு கூப்பிடுறா."

ஒஃபிசுக்குக் கூப்பிட்டு என்ன கதைச்சினமோ, மொய்ரா முகம் சிவந்து வந்தா. அண்டையில இருந்து நான் "வசந்தி". அதுவும் பயந்து பயந்து.

ரெண்டு மாசத்தால, லிஃப்டில ஒரு ஸ்கொட்லாந்துக்காரர் தன்ர சின்ன மகளை "ஹென்" எண்டு கூப்பிட்டார். அது சிரிச்சுக்கொண்டு அவரின்ர கையைப் பிடிச்சுது.

டீ பிரேக்கில மொய்ராவிட்டக் கேட்டன். "எங்கட பக்கம் பொம்பிளையளை அன்பாக் கூப்பிடுறது. அம்மா என்னை அப்பிடித்தான் கூப்பிடுவா" எண்டா.

"அது கோழிதானே?"

"அதே கோழிதான். குஞ்சுகளைச் செட்டைக்குள்ள வச்சிருக்குமே, அதாலயோ என்னவோ... ஆருக்குத் தெரியும்."

எனக்கு வெக்கமாப் போச்சு. என்ர மகனை நாளுக்குப் பத்துத்தரம் "என்ர குஞ்சு" எண்டு கூப்பிடுறவள் நான்.

"சொறி மொய்ரா, திரும்ப அப்பிடியே கூப்பிடுங்கோ" எண்டன். தலையாட்டினா. ஆனா அவவுக்கு வரேல்ல. "ஹெ..." எண்டு தொடங்கி, நிப்பாட்டி, "வசந்தி" எண்டுவா. கடைசிவரைக்கும் அப்பிடித்தான்.

போன மாசம் ஸ்ட்ரோக். ஆஸ்பத்திரிக்குப் போனன். பேச்சு முழுக்கப் போயிட்டுது. என்னைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடினா. என்ன சொல்ல வாறா எண்டு எனக்கு விளங்கேல்ல...

நேரம் முடிஞ்சுது எண்டு நேர்ஸ் வந்து சொல்லுமட்டும் கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தன். வேற என்ன செய்யிறது.

வேலை முடிஞ்சு அவவின்ர மகளுக்குப் போன் எடுத்தன். "மம் உங்களைப் பற்றி நெடுகக் கதைப்பா" எண்டா. அடக்கம் எப்ப எண்டு கேட்டன்.

வியாழக்கிழமை கிளாஸ்கோவில அடக்கம். ஹோட்டலில லீவு கேட்டன். ஆளில்லை எண்டுட்டினம்.

போயிட்டு வாங்கோ மொய்ரா... என்னால வர ஏலேல்ல.